காரேஜுக்கு ஒரு கணப்பு

ஹெக்டல், மின்னசோட்டா
நவம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள மார்லிஸ் அவர்களுக்கு,

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அரிசோனாவில் நீங்களும் உங்கள் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் வானிலையைத் தவிர வேறொன்றும் நான் பேசுவதில்லை என்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது. பனி விழுந்ததா, காற்று எந்தப் பக்கம், அங்கே வெயில் எப்படி, அவ்வளவுதான். பேசி முடித்த பிறகும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அசடன் மாதிரி நின்றேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் உங்கள் வீட்டுச் செய்தி. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்களே, காலையில் ஒரு தடவை போய்க் குழாய்களைத் திறந்து பார்க்கிறேன். உறையவில்லை. நிலவறை காய்ந்து கிடக்கிறது. உங்கள் கணவர் வெண்டல் போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் அவர் எழுப்பிய சுவரில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நல்ல மனிதர், நல்ல கை.

இன்னொரு செய்தியும் உண்டு. 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகையை நட ஓர் ஆள் வந்தான். உங்கள் மகள் அனுப்பியதாகச் சொன்னான். நான் பனி தள்ளும் மண்வெட்டியோடு குறுக்கே போய் நின்றேன். "தம்பி, மண்ணு உறைஞ்சு போச்சுப்பா, கம்பு எறங்காது, ஏப்ரல்ல வா" என்றேன். மண் மேலாக விரல் அளவுதான் உறைந்திருந்தது. அவன் வெளியூர்க்காரன், நம்பிப் போய்விட்டான். இதை உங்கள் மகளிடம் சொல்ல வேண்டாம். குளிர்காலத்துக்கு மட்டும்தான் போகிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், மார்லிஸ். விற்கத்தான் வேண்டுமா?

கேட்டுவிட்டேன். இனி செடிகளுக்கு வருகிறேன்.

நீங்கள் விட்டுப்போன ஜெரேனியம் தொட்டிகளை என் காரேஜில் வைத்திருக்கிறேன். கோடையில் நாம் உட்கார்ந்த இரண்டு மடக்கு நாற்காலிகளும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. மடக்கிச் சுவரில் மாட்டவேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், பிறகு வேறு வேலை வந்துவிடுகிறது. இரவில் அங்கே குளிர் ஏறிவிடுகிறது. செடி கருகிவிட்டால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகவே காரேஜுக்குக் கணப்பு போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். செலவு குறைவாக இருக்கவேண்டும். வெள்ளித்தாளைக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்துகிற பெண்மணி நீங்கள், உங்களைத்தான் யோசனை கேட்கவேண்டும்.

ஹீட்டர் கடை டுவேனை வரச்சொன்னேன். தெரியுமல்லவா, பேசிக்கொண்டே நம் வீட்டு பிஸ்கட் டப்பாவைக் காலி செய்கிறவன். மண்ணெண்ணெயில் ஓடும் ஊதுகுழல் ஹீட்டர் வாங்கும்போது மலிவு, ஆனால் மூச்சு முட்டும், மூடிய இடத்தில் ஆளையே சாய்த்துவிடும் என்றான். மின்சார ஹீட்டர் வாங்குவதும் சுலபம், மாட்டுவதும் சுலபம், மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் நெஞ்சு வலிக்கும் என்றான். விறகு அடுப்பு எனக்கு ஆசை. காரும் பெட்ரோலும் இருக்கிற இடத்தில் விறகு அடுப்பு வைத்தால் காப்பீட்டுக்காரன் வீட்டுப் பக்கமே வரமாட்டானாம். எரிவாயு ஹீட்டரைக் கூரையில் தொங்கவிட்டுப் புகையைச் சுவர் வழியாக வெளியே விட்டால் நாளடைவில் அதுதான் சிக்கனம் என்றான்.

எல்லாம் சொல்லிவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்ணே, எதுக்கு உங்களுக்குச் சூடு? அதச் சொன்னாத்தான் நான் கணக்குப் போட முடியும்" என்று கேட்டான். செடிக்கு என்றேன். தொட்டிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "செடிக்கு மட்டும்னா ஒரு பழைய போர்வையும் ஒரு குண்டு பல்பும் போதும்ணே" என்று சொல்லிவிட்டு, கடைசி பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு ஏனோ மனசு வாடிவிட்டது. இப்போது பல்பு எரிகிறது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் போர்வைக்குள் உங்கள் செடிகள் தூங்குகின்றன. கொஞ்ச நேரம் பக்கத்தில் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே சத்தமே இல்லாமல் பனி விழும்போது காரேஜ் மெல்ல எங்கேயோ மிதந்து போகிறதுபோல் இருக்கும், உங்களுக்கும் அப்படித் தோன்றியதுண்டா? பதில் எழுதுங்கள்.

தங்கள் பக்கத்து வீட்டுக்காரன்,
ஓர்லின் தோர்சன்


ஹெக்டல்
ஜனவரி, கடுங்குளிர்

அன்புள்ள மார்லிஸுக்கு,

உங்கள் கடிதமும் ஆரஞ்சுப் பெட்டியும் வந்து சேர்ந்தன. பாதியை என் அக்கா வெர்னா தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மரத்தில் ஆரஞ்சு தொங்க, ஜனவரி மாதத்தில் வெறுங்காலோடு முற்றத்தில் நடக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த இரவு நானும் நடந்தேன், கனவில். மணல் சூடாக இருந்தது. எழுந்து பார்த்தால் வெந்நீர்ப் பை காலடியில் கிடந்தது.

வீட்டில்தான் நல்ல கணப்பு இருக்கிறதே, காரேஜுக்கு வேறு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். டுவேன் கேட்டதையே நீங்களும் கேட்கிறீர்கள். சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்லமுடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹீட்டரே வாங்காமல் ஓட்டைகளை அடைத்தேன். சூடு வருவது முக்கியமில்லை, வந்த சூடு போகாமல் இருப்பதுதான் முக்கியம் என்று டுவேன் சொல்லியிருந்தான். சுவர்களுக்குள் குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு திணித்தேன், உள்கூரைக்கு மேல் ஊதிப் பரப்பினேன், பெரிய கதவின் அடியில் புது ரப்பர் பட்டை ஒட்டினேன். ஒரு வாரம் உடம்பெல்லாம் அரிப்பு. வெர்னா வந்து பார்த்துவிட்டு, "உன் படுக்கையறை ஜன்னல்ல காத்து விசிலடிக்குது, அத விட்டுட்டு காருக்குக் கம்பளி சாத்துறியாடா?" என்று கேட்டாள். எனக்கு மூத்தவள், கேட்க உரிமை உண்டு.

இப்போது கஷ்டமான பகுதி. கோடை முழுக்க மாலை வேளைகளில் அங்கே உட்கார்ந்திருந்தோமே, யாராவது தப்பாக ஒரு வார்த்தை பேசினார்களா? தெருவில் போகிறவர்கள் கையாட்டினார்கள், நாமும் ஆட்டினோம். மழை வந்தால் மழையைப் பார்த்தோம். கதவு மேலே தூக்கியிருக்கிற காரேஜ் இந்த ஊரில் தெருவோடு சேர்ந்தது, அதில் யாரும் யாரோடும் உட்காரலாம். ஜூலையில் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியபோது நீங்கள் ஓடிவந்து என் வீட்டு நிலவறையில் கொஞ்ச நேரம் இருந்தீர்கள். அடுத்த ஞாயிறு சர்ச்சில் காபி குடிக்கும்போது எத்தனை பேர் புருவத்தை உயர்த்தினார்கள்! சூறாவளி வந்ததே என்றேன். "ஆமா ஆமா, நல்ல சூறாவளிதான்" என்றார்கள். நீங்கள் காதுவரை சிவந்துபோய், எலுமிச்சை கேக் துண்டுகள் வைத்த தட்டை எல்லோருக்கும் இரண்டாம் தடவை நீட்டிக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு என் வீட்டு வாசற்படியை நீங்கள் மிதிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை, உங்கள் பெயர் கெடக்கூடாது என்று.

ஆகவே குளிர்காலத்திலும் கதவைத் தூக்கிவைத்தபடி உட்காரும்படியாக ஒரு ஹீட்டர் வேண்டும் என்று டுவேனிடம் சொன்னேன். அவன் வாயில் இருந்ததை விழுங்கவே கொஞ்ச நேரமானது. "கதவத் தெறந்து வச்சா? சிக்கனமா வேணும்னு சொல்லிட்டு மெயின் ரோட்டையே சூடு பண்ணப் போறீங்களாண்ணே? கவுன்சில்ல சொல்லி உங்களுக்கு மாலை போடச் சொல்றேன்" என்றான். சிரித்து முடித்த பிறகு நல்லவிதமாகவே யோசித்தான். காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் எதுவும் சரிப்படாது, கதவு திறந்ததும் காசெல்லாம் தெருவுக்கு ஓடிவிடும். கம்பி சிவந்து அனல் வீசுகிற வகை ஒன்று இருக்கிறது. "அது காத்தச் சூடாக்காதுண்ணே, ஆளத்தான் சூடாக்கும், வெயில் மாதிரி. ஆனா அதுக்கு நேரா உக்காரணும். எத்தனை பேரு உக்காருவீங்க?"

இரண்டு பேர் என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. வெர்னா அப்போதுதான் காபிக் கெட்டிலோடு சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். டுவேன் குனிந்து தரையை அளந்தான், கழுத்தெல்லாம் சிவந்துபோய். ஒரு ஹீட்டரை மாதிரிக்கு வைத்துப்பாருங்கள் என்று விட்டுப் போயிருக்கிறான்.

உங்கள் மகள் எனக்குப் போன் செய்தாள். வீட்டைப் பார்க்க ஓர் இளம் ஜோடி வருகிறது, திறந்து காட்டமுடியுமா என்று கேட்டாள். காட்டினேன். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. சமையலறை ஜன்னலில் நின்று அவள் நகரவே இல்லை. நிலவறையில் தண்ணீர் வருமா என்று அவன் கேட்டான். ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வெண்டல் எழுப்பிய சுவர் பக்கத்தில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? சொட்டு வராது என்றேன். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. "அம்மா ஆமாங்கவும் மாட்டேங்கறாங்க, இல்லைங்கவும் மாட்டேங்கறாங்க அங்கிள், மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்" என்று உங்கள் மகள் அலுத்துக்கொண்டாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்கும் எழுதவில்லை. ஆரஞ்சு நன்றாக இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
ஓர்லின்


ஹெக்டல்
ஜனவரி கடைசி வாரம்

மார்லிஸ்,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். தபால் அலுவலகத்துப் பெண்மணி முகவரியைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள், பார்க்கட்டும்.

டுவேன் போன பிறகு வெர்னா சொன்னதை நான் உங்களுக்கு எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. கெட்டிலை மேசைமேல் டக்கென்று வைத்துவிட்டு, அக்டோபரில் நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். 'இந்த ஊர்க் குளிர் இனி என்னால் தாங்கமுடியாது ஓர்லின்' என்று சொன்னீர்கள் என்றேன். நீ என்ன சொன்னாய் என்றாள். ஆமாம், கதவுக்கு அடியில் காற்று வருகிறது, ரப்பர் மாற்றவேண்டும் என்று சொன்னதாகச் சொன்னேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட மண்டு! கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த ஊருப் பனிய அள்ளிக் கொட்டுனவ, அவளுக்காடா குளிரு? நம்ம ஊருல எவன்டா மனசுல இருக்கறத நேராச் சொல்லியிருக்கான்? அப்பா, அம்மாவப் பொண்ணு கேக்கப் போனப்ப, ஏரி உறஞ்சிருச்சான்னுதான் கேட்டாரு. வண்டி போற அளவுக்கு உறஞ்சிருக்குன்னாங்க அம்மா. அவ்ளோதான் கல்யாணப் பேச்சு! நீ என்னடான்னா, ரப்பர் வாங்கப் போயிட்ட!"

அம்மா அந்தக் கதையைச் சொல்லி நானே நூறு தடவை சிரித்திருக்கிறேன். அப்படியிருந்தும் உங்கள் குளிரைக் குளிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சுவர் முழுக்கப் பஞ்சு திணித்தேன். நான்கு வகை ஹீட்டர்களைப் பற்றி உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். நீங்கள் அதைப் படித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று நினைத்தால் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

நேற்று மதியம் டுவேன் மாதிரிக்கு விட்டுப்போன ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். கதவை முழுக்கத் தூக்கிவிட்டேன். பனி நேர்க்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, காற்றே இல்லை. தெருவும் தெரியவில்லை, உங்கள் வீடும் தெரியவில்லை, வெள்ளை மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்தேன். டுவேன் சொன்னது உண்மைதான், முழங்காலும் முகமும் மட்டும் வெயிலில் இருப்பதுபோல் இருந்தது, முதுகில் ஜனவரி. எப்போது கண் சொருகியது என்று தெரியாது.

நீங்கள் வந்தீர்கள். கோட்டு இல்லை, தொப்பி இல்லை, கோடையில் போடுவீர்களே அந்த நீலச் சட்டை. பனிக்குள் நடந்து வந்தீர்கள், உங்கள் மேல் ஒன்றுகூட ஒட்டவில்லை. கதவு இறங்கினால் தரையைத் தொடுகிற கோடுவரை வந்ததும் நின்றுவிட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் பனி விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே வாருங்கள், குளிராக இருக்கிறது என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே "உள்ளன்னா எங்க ஓர்லின்?" என்று கேட்டீர்கள். நான் காரேஜைச் சுற்றிப் பார்க்கிறேன். கார், ஏணி, மண்வெட்டி, மீன்பிடிக்கிற வாளி. விழித்தபோது காற்று எழும்பியிருந்தது, பக்கத்து நாற்காலிமேல் பனித்தூள் படிந்திருந்தது. என் கண்ணிலும் தண்ணீர். அனலால் இருக்கும் என்று எழுத நினைத்தேன். அனலால் இல்லை.

எழுந்து கதவை இறக்கினேன். ஹீட்டரைத் திருப்பிக் கொண்டுபோய் டுவேனிடம் கொடுத்தேன். ஏன் அண்ணே, சூடு போதவில்லையா என்றான். இடம் சரியில்லை என்றேன். "நானும் அதத்தான் நெனச்சேன்ணே, சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு" என்றான். கூடவே கொண்டுபோன பிஸ்கட்டை நீட்டினேன், முதல் தடவையாக வேண்டாம் என்றான்.

சாயங்காலம் உங்கள் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். என் மனைவி ஆர்டிஸ் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கே அங்கேதான் வைத்திருப்பாள். செடியைக் கொண்டுபோய் இருட்டில் வைப்பானா ஒருத்தன் என்று கேட்டிருப்பாள். அவளிடம் மனதுக்குள் பேசினேன். அவளுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. உங்களை அவளுக்கு எப்போதும் பிடிக்கும்.

காரேஜில் உட்கார உங்களைக் கூப்பிடவில்லை, மார்லிஸ். காரை நிறுத்திவிட்டு அதன் வழியாகச் சமையலறைக்குள் வாருங்கள் என்று கூப்பிடுகிறேன். கதவை மூடிக்கொண்டு உட்காருவோம். சர்ச்சில் முறைப்படி கல்யாணம் முடித்துத்தான் வருவேன் என்றால் பாஸ்டரிடம் நானே போய்ப் பேசுகிறேன், வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஊர் பேசும் என்று பயப்பட இனி ஒன்றும் பாக்கி இல்லை, வெர்னா ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை இந்த வயதில் மையால் எழுதுகிறேன், பென்சிலால் இல்லை.

மாதம் முடியப்போகிறது. உங்கள் மகள் பதிலுக்குக் காத்திருப்பாள். பலகை நட வந்தவனை ஏமாற்றி அனுப்பிய நானே சொல்கிறேன், உங்கள் வீட்டை அந்த இளம் ஜோடிக்குக் கொடுத்துவிடுங்கள். நல்ல பிள்ளைகள். குழந்தையோடு விளக்கெரிகிற வீடாக அது இருக்கட்டும். அவர்கள் எனக்கு நல்ல பக்கத்து வீட்டுக்காரர்களாக இருப்பார்கள்.

எனக்கு என்று எழுதிவிட்டேன், பாருங்கள். தனியாக இருந்து பழகிய கை. அடித்துத் திருத்துகிறேன்: நமக்கு.

பாதை தெளிந்து, கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஓர்லின்